போர்க்கதை எழுத வருபவர்களுக்கு: பட்டாளத்தான் மூட்டையில் என்ன இருந்தது?

ராமநாதபுரம் கடற்கரையில் கதை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடலை எழுதுகிறார்கள். கொஞ்சப் பேர் சீமைக் கருவேலங்காட்டையும் பனையையும் எழுதுகிறார்கள். பட்டாளத்தை எழுதுபவர்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை, தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை, "அது மிலிட்டரிக்காரர் வீடு" என்று கை காட்டப்படும் வீடு இல்லாத ஊர் அரிது. துணிந்து எழுதும் சிலரும் குண்டுவெடிப்பில் தொடங்கிக் கொடி போர்த்திய பெட்டியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் அந்த மனிதன் எதையெல்லாம் சுமந்துகொண்டு நடந்தான் என்பது கதைக்குள் வருவதே இல்லை.

அந்த நடுப்பகுதியை எழுதுவது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க்கதையில் மனச்சுமையை மட்டும் தனியாக எழுத முயன்றால் அது புலம்பலாகிவிடும். எடையுள்ள ஒரு பொருளின்மேல் ஏற்றி எழுதினால் வாசகன் தோளில் இறங்கும். படைவீரன் எதைத் தூக்கி எறிந்தான், எதை எறிய மறுத்தான் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவுடன் உங்கள் கதையில் பாதி எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மரபில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதினார்கள் என்பது உண்மைதான். கல்லில் அவ்வளவுக்குத்தான் இடம். ஆனால் முல்லைப்பாட்டில் போருக்குப் போன அரசன் பாசறையில் தூக்கம் வராமல் கிடக்கிறான். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையைத் தலையில் வைத்து, வெட்டுப்பட்ட யானைகளையும் இறந்துபோன வீரர்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் மனம் எப்படி இருந்தது என்று புலவர் விளக்கவில்லை. இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்று மட்டும் சொன்னார். கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

முதல் படி: போரை ஆண்டோடு தீர்மானியுங்கள்

"ஏதோ ஓர் எல்லையில், ஏதோ ஒரு போரில்" என்று தொடங்கும் கதை இரண்டாம் பக்கத்தில் படுத்துவிடும். ஆண்டு தெரியாவிட்டால் துப்பாக்கி தெரியாது. துப்பாக்கி தெரியாவிட்டால் எடை தெரியாது.

இந்தக் கரையிலிருந்து போன ஒருவன் எந்தெந்தப் போரில் இருந்திருக்கலாம்? முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இருந்திருக்கலாம். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களில் ஒருவனாக அவன் பர்மாவில் இருந்திருக்கலாம். அல்லது பிழைப்புக்காக மலாயா போனவன் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, எதிர்ப்பக்கத்தில் நின்றிருக்கலாம். ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் 1944 இல் இம்பால் மலைகளில் எதிரெதிராக இருந்திருக்கக்கூடும் என்பது கதைக்காரனுக்குக் கிடைத்த பெரிய கொடை. அதன்பின் 1962, 1965, 1971. பிறகு 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படை. 1999 இல் கார்கில். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்த 20 பேரில் ஹவில்தார் பழனி, திருவாடானைப் பக்கம் கடுக்கலூரைச் சேர்ந்தவர். இப்படி அண்மையில் நடந்த, பெயர் தெரிந்த ஒருவரின் சாவைக் கதைக்கு எடுக்காதீர்கள். அந்தத் துக்கம் அந்த வீட்டுக்குச் சொந்தம். வேறு ஊர், வேறு ஆள், வேறு இரவு என்று நீங்களே உண்டாக்குங்கள்.

ஆண்டு எவ்வளவு தூரம் கதையைப் பிடித்து இழுக்கும் என்பதற்கு உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்று. உங்கள் நாயகன் 1987 இல் விடுப்பில் ராமேஸ்வரம் வருகிறான் என்றால் பாம்பனை அவன் ரயிலில்தான் கடக்க வேண்டும். மீட்டர் கேஜ் ரயில். சாலைப்பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. ஆகவே 1989 இல் வருகிறவன் பஸ்ஸில் வரலாம். டிரங்குப் பெட்டியைத் தலைக்குமேல் பலகையில் வைப்பதா, பஸ் கூரையில் ஏற்றுவதா என்பதுகூட இதை வைத்துத்தான் முடிவாகும். இப்போது ஓடும் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. அதை 1999 கதையில் நுழைத்தால் பாம்பன்காரர் ஒருவர் சிரிப்பார், அதோடு உங்கள் கதை முடிந்தது.

இரண்டாம் படி: பெரியவரிடம் போய் உட்காருங்கள்

ஓய்வுபெற்ற பட்டாளத்தாரைத் தேடிப் போங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே வந்துபோகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். மாலை நேரமே நல்லது. "ஐயா" என்று அழையுங்கள். உறவு முறை இருந்தால் "மாமா", "சித்தப்பா" என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கீழக்கரைப் பக்கம் என்றால் அங்குள்ள முறையைத் தெரிந்துகொண்டு போங்கள். உட்கார்ந்தவுடன் நோட்டை எடுக்காதீர்கள்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காது. கிடைத்தாலும் அதைத் தாங்க உங்களுக்கு வயது போதாது. பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். பூட்ஸ் எத்தனை நாளில் காலுக்குப் பழகியது? பையின் வார் எந்தத் தோளில் அதிகம் அறுத்தது? சோறு தின்று வளர்ந்தவர் சப்பாத்திக்கு எப்படிப் பழகினீர்கள்? காவல் நேரத்தில் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்? ஊரிலிருந்து எதைக் கொண்டுபோனீர்கள், எது வீடு திரும்பவில்லை? கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள். பதிலாக ஒரு பொருளுக்குப் பதில் ஓர் ஆளின் பெயர் வரலாம்.

வீட்டில் கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தால், வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும் எழுதியது, அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். சில பெட்டிகளில் இப்போது நெல்லோ பழைய புடவையோதான் இருக்கும். அதுவும் கதைக்கு உதவும்.

மூன்றாம் படி: எடை போடுங்கள்

இங்கேதான் புதியவர்கள் சோம்பல் படுகிறார்கள். "கனமான ஆயுதங்களைச் சுமந்தபடி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

அமைதி காக்கும் படைக் காலத்துக் காலாட்படைச் சிப்பாய் கையில் இருந்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. தோட்டா இல்லாமலே நாலரைக் கிலோவை ஒட்டி வரும். இருபது தோட்டா நிரப்பிய மேகசின் ஒன்று முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மேகசின் என்றால் மூன்றரைக் கிலோ. 36 ஆம் எண் கையெறி குண்டு ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்றரை. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. இதுவே பதினொன்றரை. இன்னும் சாப்பாடு, விரிப்பு, மண்வெட்டி, காயத்துக்குக் கட்டும் துணி, மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு எல்லாம் பாக்கி. மெஷின்கன்காரனுக்குத் துப்பாக்கி மட்டுமே ஒன்பது, பத்துக் கிலோ. வானொலிப் பெட்டியை முதுகில் கட்டியவனுக்கு அது தனியாகப் பத்துக் கிலோவைத் தாண்டும்; ஆன்டெனாவைப் பார்த்து எதிரி அவனைத்தான் முதலில் குறிவைப்பான் என்ற நினைப்பும் கூடவே வரும். 81 மி.மீ. மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியைக் குழாய், கால், அடித்தட்டு என்று மூன்றாகப் பிரித்து மூன்று பேர் சுமப்பார்கள். ஒருவன் விழுந்தால் மற்ற இருவரின் சுமைக்கும் பொருள் இல்லாமல் போய்விடும். இந்த ஒரு தகவலுக்குள்ளேயே ஒரு சிறுகதை இருக்கிறது, எழுதுகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

பர்மாக் கதை என்றால் துப்பாக்கி .303, நான்கு கிலோ, பத்துத் தோட்டா கொள்ளும். காலில் பட்டி சுற்றியிருப்பான். பையில் சக்கர்பாரா என்ற இனிப்புப் பண்டம் இருக்கும். மலேரியாவுக்குக் கொடுத்த மெபாகிரின் மாத்திரையால் தோல் மஞ்சளாகியிருக்கும். கார்கிலுக்கும் கல்வானுக்கும் வந்தால் கூடுதல் சுமை குளிருடுப்பும் உயரமும். பதினான்காயிரம் அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். பிறந்ததிலிருந்து கடல்மட்டத்தில் மூச்சுவிட்டவன் அங்கே சும்மா நிற்பதே ஒரு வேலை.

ஆள் தன் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது ராணுவங்களில் பழகிப்போன கணக்கு. போர்க்களத்தில் அந்தக் கணக்கு நிற்பதே இல்லை. அறுபது கிலோ எடையுள்ள நம் ஊர்ப் பையனுக்கு இருபது கிலோதான் கணக்கு. கூட்டிப் பார்த்தால் அவன் அதை எப்போதோ தாண்டியிருப்பான்.

நான்காம் படி: நீங்களே சுமந்து நடங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை ஒன்பதரைக் கிலோமீட்டர். சாலையில் நடக்க வேண்டாம். பக்கத்து மணலில் கொஞ்ச தூரம் நடங்கள். முதுகுப்பையில் இருபது கிலோ அரிசியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தொடங்குங்கள், துணைக்கு ஓர் ஆளை அழைத்துச் செல்லுங்கள், தண்ணீர் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்காரர்களும் இதய நோய் உள்ளவர்களும் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. இரண்டு கிலோமீட்டரே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

எதைக் கவனிக்க வேண்டும்? முதல் அரைமணி நேரம் இரண்டு பக்கக் கடலையும் பார்ப்பீர்கள். பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடப்பதும், மன்னார் வளைகுடாப் பக்கம் குமுறுவதும் தெரியும்; பெண்கடல், ஆண்கடல் என்று மீனவர்கள் பிரித்துச் சொல்வதன் காரணம் விளங்கும். அதன்பின் கண் தரையை விட்டு எழாது. அடுத்த காலை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் மிஞ்சாது. ஐந்து கிலோவில் கவிதை தோன்றும். இருபது கிலோவில் வசவுதான் வரும். நடக்கும் சிப்பாயை வைத்து இயற்கை வருணனையும் தத்துவமும் எழுதத் தோன்றினால், இந்த நடையை நினைத்துக்கொண்டு அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். நினைவுகள் அவனுக்குச் சுமையை இறக்கி உட்காரும்போதுதான் வரும். ஆகவே பின்னோக்கிச் செல்லும் காட்சிகளை ஓய்வு நேரத்திலும் காவல் நேரத்திலும் வையுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பை மறக்காதீர்கள்

பாதம், தோல், வயிறு, தூக்கம், காது. ஈரத்திலேயே நாள்கணக்கில் கிடந்த பாதம் வெளுத்து, மரத்து, பிறகு அழுகத் தொடங்கும். முதல் உலகப்போரின் அகழிகளில் குண்டு படாமலேயே இப்படிக் காலை இழந்தவர்கள் உண்டு. பயம் முதலில் நாக்கை வறளச் செய்யும், பிறகு வயிற்றைக் கலக்கும். வீரத்தை எழுதுகிறவர்கள் வயிற்றுப்போக்கை எழுதக் கூச்சப்படுகிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களைக் கேட்க முடிந்திருந்தால் அவர்கள் எதை முதலில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

காதை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். அருகில் வெடித்த சத்தம் ஆயுள் முழுக்கக் காதுக்குள் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். முப்பது ஆண்டு கழித்து டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கும் தாத்தாவிடம் பேரன் எரிந்து விழுகிறான். தாத்தா காரணம் சொல்வதில்லை. போரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போரை எழுத இது ஒரு வழி.

ஆறாம் படி: சட்டைப்பையைத் துழாவுங்கள்

ராணுவம் கொடுத்த பொருள்களின் பட்டியல் எல்லாச் சிப்பாய்களுக்கும் ஒன்றுதான். வேறுபடுவது அவனே எடுத்துக்கொண்டு போனது. இங்கேதான் ராமநாதபுரம் கடற்கரை கதைக்குள் வரும்.

ஓரியூரில் 1693 இல் அருளானந்தர் என்ற பாதிரியாரின் தலை வெட்டப்பட்ட இடத்தின் மண் சிவந்திருக்கும். அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்பது நம்பிக்கை. யாத்திரை போகிறவர்கள் ஒரு பிடி எடுத்து வருவார்கள். ஒரு தாய் அதைத் துணியில் முடிந்து மகனிடம் கொடுக்கலாம். இன்னொருத்தி ஏர்வாடி தர்காவிலிருந்து கயிறு கட்டிவிடலாம். மற்றொருத்தி ராமேஸ்வரம் கோயில் திருநீற்றை மடித்து வைக்கலாம். ஒரே படைப்பிரிவில் மூன்று பேரின் பையிலும் மூன்று மடிப்புகள். மூன்றையும் சேர்த்தாலும் நூறு கிராம் வராது. மதநல்லிணக்கச் சொற்பொழிவாக இதை மாற்றிவிடாதீர்கள் என்று மட்டும் எச்சரிக்கிறேன். பையன் அதை நம்புகிறானா என்பதைவிட, மழையில் நனையும்போது எதை முதலில் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

உணவும் உண்டு. முண்டு மிளகாய் நான்கைந்து, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, நன்றாகக் காய்ந்த கருவாடு. கருவாடு பாசறையில் என்ன பாடு படும் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். வடநாட்டுச் சிப்பாய்களின் வசவுகளுக்குக் குறைவிருக்காது. போர்க்கதையில் சிரிப்புக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறப்புக்கும் இடம் இருக்காது.

ஏழாம் படி: கடிதத்தை நம்பாதீர்கள்

புதியவர்கள் சிப்பாயின் மனத்தைக் காட்ட உருக்கமான கடிதம் ஒன்றை எழுதவைப்பார்கள். அந்தக் கடிதத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். எழுதத் தெரியாத பலர் இன்னொருவரை வைத்தே எழுதினார்கள். அதனால் கருமிளகு, செம்மிளகு என்று மறைபொருளாகச் சொன்னார்கள்; கருமிளகு என்றால் இந்தியர், செம்மிளகு என்றால் ஆங்கிலேயர். பிரிட்டிஷ் படையில் அச்சடித்த அஞ்சலட்டையும் இருந்தது. "நான் நலம்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்" போன்ற வரிகளில் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். கூடுதலாக ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும்.

இந்த முனையிலும் அதே கதைதான். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கத் தெரியாத மனைவி, தபால்காரரையோ வாத்தியாரையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ கூப்பிடுவாள். ஆக, கணவன் எழுதுவதை அங்கே ஓர் அதிகாரி படிக்கிறார், இங்கே ஒரு வாத்தியார் உரக்கப் படிக்கிறார். நடுவில் அவன் என்ன எழுத முடியும்? "நான் நலம். மணியார்டர் கிடைத்ததா? ஆட்டுக்குட்டி விற்றாயா?" என்று எழுதுவான். அவன் எழுதாமல் விட்டது முழுதும் அவன் சட்டைப்பையிலேயே தங்கிவிடும். கதையில் கடிதத்தை வையுங்கள். ஆனால் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கடிதமாக வையுங்கள். எதை விழுங்கினான் என்பது வாசகனுக்கு முந்திய காட்சியிலிருந்து தெரிந்திருக்க வேண்டும்.

தந்தி 2013 ஜூலையோடு நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய கதை என்றால், தெருவில் தந்திக்காரரின் சைக்கிள் தெரிந்தவுடன் பட்டாளத்து வீடுகள் எல்லாம் என்னவாகும் என்பதைத் தவறவிடாதீர்கள்.

எட்டாம் படி: புரிந்துகொள்கிறவனின் சுமை

அமைதி காக்கும் படையைப் பற்றி எழுத வருகிறவர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். இந்தக் கரையில் இருக்கிற நமக்கு மற்ற எல்லாப் போர்களும் தொலைவில் நடந்தவை. இது மட்டும் தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் நடந்தது.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகள் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள்; மண்டபம் முகாம் நிரம்பியது. 1987 ஜூலை 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், படை போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. 1990 மார்ச் வரையிலான காலத்தில் இந்தியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் அந்தப் படையின் கையால் இறந்தார்கள். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதும் கதை யாருக்கும் உதவாது.

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய் ஒருவன், தங்கச்சிமடத்துக்காரன் என்று வைத்துக்கொள்வோம், மொழி தெரியும் என்பதற்காக வடநாட்டுப் படைப்பிரிவு ஒன்றின் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படுகிறான். ஒரு தாய் வந்து நிற்கிறாள். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அழுது, மன்றாடி, சபித்து, மறுபடி மன்றாடி நெடுநேரம் பேசுகிறாள். மற்ற சிப்பாய்களுக்கு அது வெறும் சத்தம். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. பேச்சின் சாயல் மட்டும் வேறு. அதையும் அவன் முகாமிலிருந்து கடைக்கு வரும் பெண்களிடம் கேட்டுப் பழகியவன். அதிகாரி கேட்கிறார், என்ன சொல்கிறாள்? அவன் இந்தியில் சொல்கிறான்: "மகனைத் தேடுகிறாளாம்."

அவள் பேசியதில் மீதியெல்லாம் எங்கே போயிற்று? அதுதான் அவன் சுமை. அதற்கு எடை இல்லை என்பதால் ஒரு பொருளோடு கட்டுங்கள். அவள் மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழை நீட்டியிருக்கலாம். அதிகாரிக்கு அது படிக்கத் தெரியாத தாள். திருப்பிக் கொடுக்கும் முன் அவள் போயிருக்கலாம். அந்தத் தாள் அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அன்று இரவு கடலுக்கு அப்பால் தன் அம்மா யார் யாரோடு பேசிக்கொண்டிருப்பாள் என்றும் அவனுக்குத் தெரியும். இங்கே நீங்கள் அரசியல் தீர்ப்பு எழுத உட்கார்ந்தால் கதை உங்கள் கையைவிட்டுப் போய்விடும். தாள் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படை திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. அது சரியா தவறா என்று நம் மாநிலத்தில் இன்றும் வாதிடுகிறார்கள். கதைக்காரருக்கு வேண்டியது வேறு: போன காரணத்தையும் சொல்ல முடியாமல், வந்த கதையையும் சொல்ல முடியாமல் ஊர் பஸ் ஏறியவன், டீக்கடையில் என்ன பேசினான்?

ஒன்பதாம் படி: எறியவையுங்கள்

நடை நீள நீளச் சிப்பாய் சுமையைக் குறைப்பான். முதலில் கூடுதல் உடை போகும், பிறகு சாப்பாட்டு டப்பா, பிறகு மழைக்கோட்டு. 1944 மழைக்காலத்தில் இம்பாலிலிருந்து பின்வாங்கியவர்கள் நோயோடும் பசியோடும் சேற்றில் நடந்தார்கள். அந்த வழியில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு முடிவு. மழைக்கோட்டை எறிந்து கருப்பட்டியை வைத்துக்கொண்டவனும், கருப்பட்டியை எறிந்து மழைக்கோட்டை வைத்துக்கொண்டவனும் வேறு வேறு மனிதர்கள்.

சேர்ந்துகொள்ளும் சுமையும் உண்டு. இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நண்பனின் மரணம் அவன் நெஞ்சில் சொல்லொணாத் துயரமாகக் கனத்தது."

"தன் புட்டியில் குடித்துவிட்டு அந்தோணியின் புட்டியைக் குலுக்கிப் பார்த்தான். முக்கால் இருந்தது. கவிழ்க்கவில்லை. இரண்டையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்தான்."

முதல் வரியில் கனம் என்ற சொல் இருக்கிறது, கனம் இல்லை. இரண்டாவதில் முக்கால் கிலோ கூடியிருக்கிறது. அந்தத் தண்ணீரை அவன் எப்போது குடிப்பான் என்ற கேள்வியும் வந்துவிட்டது. குடித்தால் ஒரு கதை, குடிக்காமல் தாகத்தோடு நடந்தால் வேறொரு கதை, காயம்பட்ட எதிரிக்குக் கொடுத்தால் அது கொஞ்சம் சினிமாத்தனம்.

காயம்பட்டவனைத் தூக்கும் காட்சி எழுதும்போது கணக்கை மறக்காதீர்கள். ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் வேண்டும். நால்வரின் மூட்டையும் துப்பாக்கியும் எங்கே போகும் என்று சொல்லியாக வேண்டும். ஒருவனைக் காப்பாற்றப் பலரின் சண்டைத்திறன் குறைகிறது. தூக்குகிறவர்களுக்கு அது தெரியும். படுத்திருப்பவனுக்கும் தெரியும்.

பத்தாம் படி: வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

போர் முடிந்த இடத்தில் கதையை முடிக்க வேண்டியதில்லை. வீடு திரும்பியவன் தீபாவளி வெடிக்குக் குப்புற விழுவது இப்போது எல்லாக் கதைகளிலும் வந்துவிட்டது, விட்டுவிடுங்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மறுப்பவன், கடலுக்குப் போனால் படகில் தேவைக்கு மேல் தண்ணீர் ஏற்றுபவன், பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்து நகர்த்தவிடாதவன் என்று உங்கள் ஊரில் பார்த்ததை எழுதுங்கள்.

இந்த நிலைக்கான மருத்துவப் பெயரைக் கதைமாந்தர் வாயில் வைக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்பது அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இடம்பெற்றதே 1980 இல்தான். 1946 இல் பர்மாவிலிருந்து வந்தவனைப் பார்த்து ஊர், பயந்துவிட்டான் என்று சொல்லியிருக்கும். காற்று, கருப்பு என்று சொல்லியிருக்கும். மதம் பார்க்காமல் ஏர்வாடிக்கு அழைத்துப் போயிருக்கும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்துச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்கு முந்திய காலத்துக் கதையில் சங்கிலியும் வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மனைவியின் பங்கை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கணவர் தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, காலடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அவள் எப்படிக் கற்றுக்கொண்டாள்? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள்?

கடைசியாக, கைப்பிரதியைத் திருத்தும்போது

வீரமரணம், குருதி, தாய்மண், இமயம், கண்ணீர்க்கடல் ஆகிய சொற்களைத் தேடி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் வரி நின்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். ஒவ்வொரு காட்சியிலும் அவன் முதுகில் எத்தனை கிலோ இருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். மூன்றாம் பக்கத்தில் எறிந்த விரிப்பை ஏழாம் பக்கத்தில் போர்த்திக்கொண்டு தூங்கினால் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு கதையை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். துப்பாக்கி, பூட்ஸ், சாப்பாடு பற்றி அவர் சொல்லும் திருத்தங்களை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். "இப்படியெல்லாம் யாரும் அழமாட்டார்கள்" என்று சொன்னால் யோசித்து முடிவெடுங்கள். அதில் அவரும் முழுச் சாட்சி அல்ல. அவர் சொன்ன ஏதாவது ஒன்றை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். காது மந்தம் என்றால் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். திருப்பி வாங்க ஒரு வாரம் கழித்துப் போனால் போதும்.